வாலைப் பார்க்காதவர்

என் அப்பா ஆர்டன் லிண்ட்குவிஸ்ட் பத்தொன்பது வருடம் ஒரு பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் ஊர்க்காரர்களின் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர்களைப் பழுதுபார்த்தார். சென்ற பிப்ரவரியில் இறந்தார். வயது அறுபத்தெட்டு. இதயம்.

ஊர்ப் பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நூற்றிருபது சொற்களுக்கு மேல் இடமில்லை என்றார்கள். வாளி விஷயம் அதில் அடங்கவில்லை. அதனால் இது.

வாளிக்குக் காரணம் டொலோரஸ் கின்டானா. முப்பது வருடம் தபால் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் கொலராடோவில் மலையடிவாரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை காலை மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோம். மதியம் எல்லோரும் பாதை தொடங்கும் இடத்துக்குத் திரும்பி வருவோம். டொலோரஸ் தன் பிக்கப் வண்டியின் பின்கதவைக் கீழே இறக்குவார். அது ஒரு பெஞ்சு. நெருக்கி உட்கார்ந்தால் ஐந்து பேர்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்த ஐந்து இடத்துக்கு ஒன்பது பேர் சண்டை போட்டார்கள். டொலோரஸ் ஒரு விதி போட்டார். மலைச் சிங்கத்தை, அதாவது பியூமா என்கிற பிடரியில்லாத பெரிய பழுப்புப் பூனையைப் பார்த்தவர்கள் மேலே. பார்க்காதவர்களுக்குக் கவிழ்த்த வாளி. பார்ப்பது என்றால் சைக்கிளில் போகும்போது, சொந்தக் கண்ணால், உயிரோடு. காருக்குள் இருந்து பார்த்தால் கணக்கில்லை. வாலையும் பார்த்திருக்க வேண்டும்.

வால்தான் முக்கியம். எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு நாற்பது பேர் மலைச் சிங்கத்தைப் பார்ப்பார்கள். அதில் முப்பது லாப்ரடார் நாய். ஐந்து குட்டைவால் காட்டுப்பூனை. ஒன்று எங்கள் பாதிரியாரின் பழுப்புக் கோட்டு. நீளமான தடித்த வாலைப் பார்த்துவிட்டால் சந்தேகமில்லை.

முதலில் நான்கு வாளிகள் இருந்தன. வருடங்கள் போக மேலே இடம் காலியானது; வாளிக்காரர்களும் ஒவ்வொருவராகப் பார்த்து எழுந்து போனார்கள். பல் மருத்துவர் ரஸ் இரண்டாம் வருடமே பார்த்துவிட்டார். நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒருவர் வாடகை சைக்கிளில் ஏறிய முதல் நாளே பார்த்தார். அன்று மதியம் பின்கதவின் மேல் காலை ஆட்டிக்கொண்டு சான்ட்விச் சாப்பிட்டார். வாளியிலிருந்து அப்பா அவருக்குக் கடுகுச் சட்னி எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பாதைகளில் பாதி அப்பா வெட்டியவை. மண்வெட்டியும் கடப்பாரையுமாக இருபத்திரண்டு வருடம். அதுதான் அவரை உறுத்தியது.

"நான் போட்ட பாதையில ஊருக்கெல்லாம் தரிசனம் குடுக்குது. போட்டவனுக்கு இல்ல" என்பார்.

"நீ வாய மூடற அன்னிக்கு வரும்" என்பார் டொலோரஸ். "உன் சத்தம் ரெண்டு மைலுக்குக் கேக்குது. ஊர்ல எவன் வீட்டு ஹீட்டர் புகையுதுன்னு மான் மரையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கு."

"நான் பேசறதில்ல. சைக்கிளுக்கு வழி சொல்றேன்."

"சைக்கிளுக்கா?"

"இடது பக்கம் கல்லு இருக்குன்னு யார் சொல்றது பின்ன?"

உண்மை. அப்பா வாயை வாடகைக்கு விட்டவர். தூக்கத்தில்கூட யாருக்கோ ஹீட்டர் வடிகட்டியை மாற்றச் சொல்லிக்கொண்டிருப்பார்.

வாளியிலிருந்து எழ அவர் செய்த முயற்சிகள் பல. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, சைக்கிள் மணியைக் கழற்றினார். எங்கள் பாதைகளில் மணி கட்டுவது வழக்கம். கரடியும் மனிதர்களும் திடுக்கிடாமல் இருக்க. மணியில்லாமல் போன முதல் நாளே ஒரு வளைவில் திடுக்கிட்ட பெண்மணி ஒருவர் கைத்தடியால் அடித்தார். மணி திரும்பி வந்தது.

இரண்டு, பேசாமலிருக்க வாய் நிறைய உப்புக் கண்டத்தை அடைத்துக்கொண்டார். அதற்குள்ளிருந்தும் முனகினார். அன்று மாலை தாடை பிடித்துக்கொண்டது. ரஸ் இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டுத் திறந்தார்.

மூன்றாவது நவம்பரில் நடந்தது. வேட்டைக்காரர்கள் கடையில் பெண் மானின் மூத்திரம் சின்னக் குப்பியில் கிடைக்கும். சிங்கம் மானைத் தின்னும், ஆகவே மான் வாசனைக்கு வரும் என்று அப்பா கணக்குப் போட்டார். பின் டயரில் பூசினார். நவம்பரில் மான்களுக்குக் கல்யாண சீசன். அந்தக் குப்பி ஆண் மானைக் கூப்பிடுவதற்கென்றே செய்தது. அது லேபிளிலேயே இருந்தது.

பதினோரு மணிக்கு என் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"பிரிட்டா, வேலையா இருக்கியா?"

"மீட்டிங்ல இருக்கேன்பா."

"முடிச்சிட்டு வா. அவசரம் இல்ல. பாறை மேலதான் இருக்கேன்."

"பாறை மேல என்ன பண்றீங்க?"

"கீழ என் சைக்கிளுக்கு ஒருத்தர் கல்யாணம் பேசிட்டிருக்கார். பெரிய இடம் போல. கொம்பே மூணடி இருக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆண் மான் பின் சக்கரத்தின் பக்கத்தில் கண் கலங்கி நின்றிருந்தது. கார் ஹாரனை ஐந்து நிமிடம் விடாமல் அடித்த பிறகு போயிற்று. போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தது.

போன வருடம் ஜூனில் டாக்டர் இதயப் படத்தை எங்களிடம் காட்டினார். ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் சாதாரணமாக அறுபது சதவீதம் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருபத்தெட்டு.

"மெதுவா ஓட்டலாம். மேட்டுல இறங்கித் தள்ளிட்டுப் போங்க" என்றார் டாக்டர். "பனி விழற வரைக்கும். அடுத்த வருஷத்த அப்புறம் பேசுவோம்."

பம்ப்களைப் பற்றி அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நாலு மாசம் இருக்கு, பிரிட்டா."

"எதுக்குப்பா?"

"வாளியவிட்டு எந்திரிக்க."

எனக்கு வேறு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கலாம். தெரியவில்லை. நான் தண்ணீர் வாரியத்தில் அளவுக் கருவிகளுக்குப் பொறியாளர். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வன அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பல்வலி என்ற பாதையில் ஆறு தானியங்கி கேமராக்களைக் கட்டினேன். பற்கள் ஆடும் அளவுக்குக் கல் நிறைந்த பாதை. சிங்கம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று தெரிந்தால் அங்கே அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

எட்டு வாரம் கழித்துப் படங்களை எடுத்தேன். ஒரு படத்தில் காலை 7:12, அப்பா சைக்கிளில். வாய் திறந்திருக்கிறது. அடுத்த படம் 7:14. சிங்கம். அதே பாதை, அதே திசை.

தற்செயல் என்று நினைத்தேன். மற்ற படங்களையும் பார்த்தேன். பதினோரு நாள். பதினொன்றிலும் முதலில் அப்பா, பின்னால் சிங்கம். பதினொன்றிலும் அப்பாவின் வாய் திறந்திருக்கிறது. மிகக் குறைந்த இடைவெளி நாற்பது விநாடி. ஒரு படத்தில் அது தலையைச் சாய்த்துக் காதை முன்னால் நீட்டியிருந்தது. ஹீட்டர் கதையில் ஏதோ முக்கியமான கட்டம் போல.

சமையலறை மேஜையில் படங்களைப் பரப்பினேன். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"பின்னாலயா?"

"பின்னாலதான்."

"எல்லா தடவையும்?"

"கேமரால விழுந்தது பதினொண்ணு."

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"பாவி. ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"யாருப்பா?"

"சிங்கம்தான்."

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வனவிலங்கு அதிகாரி ஒகாடாவிடம் காட்டினேன். சிங்கத்துக்கு வேடிக்கை பார்க்கிற குணம் உண்டு, பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்றார். "ஆனா இனிமே அவர் தனியா போக வேண்டாம். நீங்க கூடப் போங்க. வந்தா ஓடாதீங்க, குனியாதீங்க. சைக்கிள குறுக்க வச்சு சத்தமாப் பேசுங்க. தப்பிச்சுப் போக அதுக்கு ஒரு வழி விடுங்க."

"சத்தமாப் பேசறதா?" என்றார் அப்பா. "அத நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து நானும் கூடப் போனேன்.

சனிக்கிழமை படங்கள் பின்கதவில் கைமாறின. அப்பா வாளியிலிருந்து பாதி எழுந்து நின்றார். டொலோரஸ் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அது உன்னப் பாத்திருக்கு. நீ அதப் பாக்கல. உக்காரு."

"பதினோரு தடவ, டொலோரஸ்!"

"ஆமா. பதினோரு தடவ ஆர்டன் லிண்ட்குவிஸ்ட்டப் பாத்திருக்கு. வேணும்னா அது மேல வந்து உக்காரட்டும். நான் நகந்துக்கறேன்."

அப்பா உட்கார்ந்தார். திங்கட்கிழமை சைக்கிளின் இடது கைப்பிடியில் ஒரு வட்டக் கண்ணாடியைப் பொருத்தினார். அதற்குப் பிறகு முன்னால் பார்த்து ஓட்டவேயில்லை. இரண்டு வாரத்தில் மூன்று முறை ஜூனிபர் மரத்துக்குள் போனார். ஒருமுறை டொலோரஸுக்குள்.

"பின்னால வர்ற சிங்கம் உன்னத் தின்னாது. முன்னால போற நான்தான் தின்னப்போறேன்" என்றார் டொலோரஸ், முழங்காலிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

அக்டோபர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி சுமார். பல்வலிப் பாதையில் ஒரு இடத்தில் இடது பக்கம் செங்குத்துப் பாறை, வலது பக்கம் சரிவு. நடுவில் மூன்றடி மண். அங்கே என் சங்கிலி கழன்றது. மாட்டிவிட்டு வருவதற்குள் அப்பா முன்னால் போய்விட்டார். குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ பத்து வருடமாக வடிகட்டியை மாற்றவில்லை.

வளைவைத் தாண்டினேன். எனக்கு நாற்பதடி முன்னால் பாதையின் நடுவில் ஒரு வால் போய்க்கொண்டிருந்தது. வாலுக்கு முன்னால் சிங்கம். அதற்கு முன்னால் அப்பா.

பிரேக்கைப் பிடித்தேன். அது கிறீச்சிட்டது. அப்பா கண்ணாடியைப் பார்த்தார். நிறுத்தினார். இறங்கித் திரும்பினார். சிங்கமும் நின்றது. அவருக்கும் அதற்கும் பதினைந்தடி. முகம் அவர் பக்கம். வால் என் பக்கம்.

அப்பா சைக்கிளைக் குறுக்கே வைத்தார். ஒகாடா சொன்னபடி சத்தமாகப் பேசினார். ஆனால் அவருக்குச் சத்தமாகப் பேச ஒரு குரல்தான் உண்டு. ஹீட்டர் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்கிற குரல்.

"வணக்கம்ங்க! நான் ஆர்டன்! பாத்து ரொம்ப சந்தோஷம்! உங்கள இங்க யாரும் ஒண்ணும் பண்ணப்போறதில்ல! நீங்களும் ஒண்ணும் பண்ணாம இருந்தீங்கன்னா நல்லது!"

சிங்கம் அசையவில்லை. அப்பா அதன் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தார்.

"பிரிட்டா! வால் இருக்கா?"

"இருக்கு!"

"பெருசா?"

"அப்பா!"

"கேட்டேன்!" பிறகு சிங்கத்திடம்: "கொஞ்சம் திரும்பறீங்களா? ஒரே ஒரு தடவ!"

"அது திரும்பினா என் பக்கம்தான் வரும்!" என்று கத்தினேன்.

அப்பா பேச்சை நிறுத்தினார்.

நான் பிறந்ததிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக் கேட்டதில்லை. அவர் ஒரு பக்கம் பாறையைப் பார்த்தார். மறுபக்கம் சரிவைப் பார்த்தார். நான் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தேன். முன்னும் பின்னும் நாங்கள் அடைத்து நின்றதால் சிங்கத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. காது பின்னால் மடிந்தது. தலை என் பக்கம் திரும்பத் தொடங்கியது. பிறகு கழுத்து. பிறகு தோள். இன்னும் ஒரு விநாடி விட்டால் வால் அப்பா பக்கம் வந்திருக்கும்.

"ஏய்!" என்று அப்பா கத்தினார். மரியாதையெல்லாம் போய்விட்டது. "இங்க பாரு! அவ கிட்ட என்ன? உன்னத்தான்! இங்க பாரு!" மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

சிங்கம் மறுபடி அவர் பக்கம் திரும்பியது. அப்பா சைக்கிளைப் பிடித்தபடியே பாதையிலிருந்து பின்பக்கமாகச் சரிவில் இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்காக. விழுந்தார். சைக்கிள் அவர் மேல் விழுந்தது. மணி தானாக அடித்துக்கொண்டே போயிற்று.

இப்போது வழி காலி. சிங்கம் கீழே ஒரு பார்வை பார்த்தது. பிறகு அப்பா நின்ற இடத்தைத் தாண்டி அவசரமில்லாமல் முன்னால் ஓடி, அடுத்த வளைவில் மறைந்தது. கடைசியாக மறைந்தது வால்.

ஓரத்துக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். இருபதடி கீழே ஒரு புதரிலிருந்து இரண்டு ஷூக்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்பா!"

மண்டியிட்டு இன்னும் எட்டிப் பார்த்தேன்.

"அப்பா!"

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. நெஞ்சு வலிக்குதா?"

"எந்தப் பக்கம் போச்சு?"

"நேரா. நெஞ்சு வலிக்குதான்னு கேட்டேன்."

"நேரான்னா, வால் இந்தப் பக்கமாத்தான் போயிருக்கும்."

"ஆமா."

புதர் கொஞ்சம் அசைந்தது.

"கண்ண மூடிட்டேன், பிரிட்டா. முள்ளு குத்துச்சு."

நான் கீழே இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாடி பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு, சீராக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் முடிந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

சனிக்கிழமை நடந்ததை அப்பா பின்கதவுக்கு முன்னால் நின்று சொன்னார். ஒருவரும் சாப்பிடவில்லை. சொல்லி முடித்துவிட்டு நேராகப் போய் வாளியில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ற?" என்றார் டொலோரஸ்.

"வாலப் பாக்கல."

"மூஞ்சியப் பாத்தேல்ல?"

"மீசை முடி வரைக்கும்."

"மூஞ்சி இருந்தா பின்னாடி வால் இருக்காதா? தபால் பெட்டியா அது, முன்பக்கம் மட்டும் இருக்க?"

"இருக்கும். நான் பாக்கல."

"பாத்தேன்னு சொல்லித் தொலையேன்டா" என்றார் ரஸ். "ஒரு வார்த்த. நாங்க யாரும் துருவிக் கேக்க மாட்டோம்."

"பாக்கலியே, ரஸ்."

டொலோரஸ் கீழே குதித்தார். முகம் சிவந்திருந்தது. "நான் போட்ட விதி. நானே மாத்தறேன். மூஞ்சி போதும். எந்திரி."

"அந்த நெப்ராஸ்காக்காரர் வாலப் பாத்துட்டுத்தான் மேல உக்காந்தார். நான் விசாரிச்சேன். அவருக்கு ஒரு விதி, எனக்கு ஒண்ணா?"

"அவன் பேர்கூட யாருக்கும் ஞாபகமில்ல!"

"டுவேன்" என்றார் அப்பா.

அதற்கு மேல் ஒருவரும் வாதாடவில்லை. ஹீட்டர் பர்னருக்குள் நீலச் சுடரைக் கண்ணால் பார்க்காமல் அப்பா எந்த வீட்டிலும் வேலை முடிந்தது என்று சொன்னதில்லை. பனியில் படுத்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பார்ப்பார். வீட்டுக்காரர்கள் அறை சூடாகிவிட்டது, போதும் என்பார்கள். எழுந்திருக்க மாட்டார்.

"பிரிட்டா பாத்தா" என்றார். "அவள ஏத்துங்க."

ஏற்றினார்கள். டொலோரஸுக்கும் ரஸுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அப்பா வாளியை என் காலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"சொல்லு."

எனக்குக் கதை சொல்ல வராது. அளவு சொல்லத் தெரியும். "நீளம் முப்பது அங்குலம். என் மணிக்கட்டு அளவு தடி. நுனில மூணு அங்குலம் கறுப்பு. கீழ தொங்கி, கடைசில மேல வளைஞ்சிருந்தது. ரெண்டு தடவ ஆடுச்சு."

"எந்தப் பக்கம் முதல்ல?"

"இடது."

"இடது" என்றார் அப்பா. கொஞ்சம் சிப்ஸ் தின்றார். "இன்னொரு தடவ சொல்லு."

அக்டோபர் இருபத்தொன்பதில் பனி விழுந்தது. சைக்கிளைக் கொட்டகையில் மாட்டினோம். குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முகம் வரைக்கும் சொல்லுவார். பிறகு என் பக்கம் கையைக் காட்டுவார். வால் என் பங்கு. திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நன்றி சொல்லும் நாள் விருந்தில் வால் மூன்றடி ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு மூன்றரை. மூன்று முறை ஆடியது. டொலோரஸுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரி. அப்பாவால் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச முடியவில்லை. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மதியம் டொலோரஸ் எல்லோருக்கும் பரிட்டோ ரொட்டிச் சுருள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சொட்டு மருந்து மாற்ற வந்த நர்ஸ், "இவர்தான் சிங்கத்துக்கு வணக்கம் சொன்னவரா?" என்று கேட்டாள். டொலோரஸ் முகம் வரைக்கும் சொன்னார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வால் நாலடி இருக்கும்" என்றேன்.

அப்பா ஒரு விரலால் மாஸ்க்கைத் தூக்கினார்.

"முப்பது அங்குலம்" என்றார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

"முப்பதுதான்" என்றேன்.